மறைந்து எய்பவனும் அருகில் செல்பவனும்

2011 நவம்பரில் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே ஒரு கேலி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. மந்திரவாதியாகத் தொடங்கியவரும், இருகை வாளேந்திய வீரராகத் தொடங்கியவரும், கடைசியில் ஏதோ ஓர் இருட்டு மூலையில் குந்தியமர்ந்து வில்லை வளைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதே அது. கேலிக்குள் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை ஆராயாமல் அதையே அறிவுரையாக்கி, புதிதாக ஆட வருபவரிடம் ‘பதுங்கலையும் வில்லையும் எடுத்துக்கொள், மற்றதைத் தொடாதே’ என்று சொல்லும் வழக்கம் பரவிவிட்டது. மறைந்திருந்து கொல்பவராகவோ வில்லாளியாகவோ முதன்முறை ஆட விரும்புகிறவருக்கு அந்த அறிவுரை கணக்கில் சரி, கற்பித்தலில் தவறு.

ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். இதே தொடரின் முந்தைய ஆட்டங்களான ‘மாரோவிண்ட்’ (2002), ‘ஒப்லிவியன்’ (2006) இரண்டிலும் தொடக்கத்திலேயே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லாளி, கொலையாளி, கள்வன் என்று பட்டியல் நீளும். ஸ்கைரிம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. 18 திறன்கள் உள்ளன; எதைப் பயன்படுத்துகிறோமோ அது வளரும், அவ்வளவுதான். வாள் வீசினால் வாள்திறன், பூட்டைத் திறந்தால் பூட்டுத்திறன். மொழியியல் பயில்வோருக்கு இது அந்நியமான கருத்தன்று. எந்தக் குழந்தையும் வேற்றுமை உருபுகளின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவதில்லை. பேசிப் பேசியே இலக்கணம் படிகிறது. ஸ்கைரிமின் ‘பாத்திரமும்’ அவ்வாறே ஆடி ஆடிப் படிவது. (தமிழில் ‘பாத்திரம்’ என்ற ஒரே சொல் கலத்தையும் கதைமாந்தரையும் குறிப்பது இங்கே வசதியாகப் பொருந்துகிறது: வழிகாட்டிக் குறிப்புகள் கலத்தைக் கொடுக்கின்றன, மாந்தரைக் கொடுப்பதில்லை.) ‘பில்ட்’ என்ற சொல் ஆட்டக்காரர் பேச்சில் நிலைபெற்ற பிறகு, ‘யாராக இருக்கப்போகிறாய்’ என்ற பழைய வினா ‘என்னவாகக் கட்டப்போகிறாய்’ என்று மாறிவிட்டது. மாற்றம் சிறியதன்று.

முன்கூட்டியே வகுத்த பில்ட் நியாயமாக இருந்த ஆட்டங்களும் உண்டு. ‘டயாப்லோ 2’ ஆட்டத்தின் 2001ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் அசாசின் என்ற வகுப்பு அறிமுகமானது. பொறிகள், நிழற்கலைகள், தற்காப்புக் கலைகள் என அதற்கு மூன்று கிளைகள். ஒரு புள்ளியைத் தவறான இடத்தில் போட்டால் போட்டதுதான். புள்ளிகளைத் திரும்பப் பெறும் வழி 2010இல் வந்த திருத்தத்தில்தான் கிடைத்தது. அதுவரை பிழை செய்தவர் முதல் நிலையிலிருந்து மீண்டும் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பிறர் வகுத்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. ஸ்கைரிமிலும் எடுத்த பெர்க்கைத் தொடக்க காலத்தில் திரும்பக் கொடுக்க முடியாதுதான். ஆனால் அங்கே அப்போதே எண்பது பெர்க்குகள்வரை கிடைத்தன. இரண்டு மூன்று வீணானால் எவரும் அழிந்துவிடுவதில்லை. முந்தைய ஆட்டத்தின் அச்சத்தைப் பிந்தைய ஆட்டத்துக்குச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

எல்லாரும் வில்லில் போய்ச் சேர்வதற்குக் காரணம் ஆட்டக்காரரின் கோழைத்தனம் என்று சிலர் எழுதுவதுண்டு. அது நேர்மையற்ற விளக்கம். ஆட்டத்தின் முதற்பகுதியில், ஹெல்கன் கோட்டைக்கு அடியிலுள்ள குகையில், ஒரு கரடி படுத்திருக்கிறது. உடன்வரும் தோழர் தம் வில்லைக் கொடுத்து, எய்து பார்க்கலாம், அல்லது ஓசையின்றிக் கடந்துவிடலாம் என்கிறார். பதுங்கல், வில், உறங்கும் இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே அறையில் வைத்து ஆட்டமே முதற்பாடம் நடத்துகிறது. அதன்பிறகு மாணவர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்று குறைகூறுவதில் பொருளில்லை. ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் 1949இல் விளக்கிய குறைந்த உழைப்பு நெறி இங்கே அப்பட்டமாகச் செயல்படுகிறது: குறைந்த செலவில் பலன் தரும் பாதை ஒன்று இருந்தால் நடமாட்டம் அதிலேயே குவியும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். நெடுவில்லின் தாக்கம் 6, இரும்பு அம்பின் தாக்கம் 8, ஆகமொத்தம் 14. மறைந்திருந்து எய்தால் அது இரட்டித்து 28 ஆகிறது. இரும்புக் குறுவாளின் தாக்கம் வெறும் 4. மறைந்திருந்து குத்தினால் மும்மடங்காகி 12. அதாவது, தொடக்கநிலையில் எட்ட நிற்பவர் அருகில் செல்பவரைவிட இரண்டு பங்குக்கும் மேலாகத் தாக்குகிறார், அதுவும் எந்த இடரும் இன்றி. இந்த எண்களைப் பார்த்த எந்தப் புதியவரும் குறுவாளை எடுக்கமாட்டார். ஆனால் பதுங்கல் திறன் 50ஐ எட்டும்போது கிடைக்கும் பெர்க் ஒன்று குறுவாளின் தாக்கத்தைப் பதினைந்து மடங்காக்குகிறது: அதே நாலணாக் குறுவாள் இப்போது 60. வில்லுக்குரிய பெர்க்கோ மும்மடங்கோடு நின்றுவிடுகிறது: 42. மற்றத் திறன்களின் கூடுதல்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்த கணக்கு இது. ஆயினும் திசை தெளிவு. பதினைந்து மடங்கு என்பது, மூச்சுக்காற்று படும் தொலைவுவரை சென்றவருக்கு ஆட்டம் தரும் கூலி.

அந்தத் தொலைவைக் கடப்பதில்தான் கல்வி முழுவதும் இருக்கிறது. வில்லாளி அறையின் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். அம்பு பட்டவன் விழுகிறான். அருகிலிருந்தவன் சற்றுநேரம் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி, தோழனின் உடலுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் உலாவத் தொடங்குகிறான். அடுத்த அம்பு. எத்தனை கொள்ளையர் குகைகளைக் கடந்தாலும் அவர் அறிந்துகொள்வது இந்த ஒன்றைத்தான். குறுவாளோடு செல்பவருக்கு அறை முழுவதும் தேவைப்படுகிறது. விளக்கு எங்கே இருக்கிறது, காவலன் எப்போது திரும்புகிறான், கனமான காலணி எவ்வளவு ஓசை எழுப்பும், தரையில் அழுத்துபலகை உண்டா, ஓடினால் ஒளிய இடம் எது என்பனவெல்லாம் அவருக்கு உயிர்ப்பிரச்சினை. திரையின் நடுவிலுள்ள அந்தக் கண்குறி மெல்லத் திறக்கும்போது அசையாமல் நிற்கப் பழகுவது ஒன்றே ஒரு கலை. நிலவறையைக் கட்டிய வடிவமைப்பாளர் தூண்களையும் நிழல்களையும் எதற்காக அங்கே வைத்தார் என்பது அவருக்கே புலனாகிறது.

இங்கே ஒரு மறுப்புக்கு இடமுண்டு, அது வலுவானதும்கூட. விடுதி அறையில், பழைய மடிக்கணினியின் தொடுதளத்தைக் கொண்டு ஆடும் மாணவருக்கு நெருங்கிய சண்டை பெருந்துன்பம். படம் திக்கித்திக்கி நகரும் கருவியில், காவலன் திரும்பும் கணத்தைக் கணிக்கவே முடியாது. விரைந்த கையசைவு வாய்க்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வில் ஓர் அருட்கொடை. அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. வில் கூடாது என்பதன்று இங்கே வாதம். இயன்றவரும் இயலாதவரும் ஒரே குறிப்பைப் பெறுவதுதான் குறை.

மறைந்து எய்வதைப் பற்றி இந்திய வாசகர்களுக்கு இன்னொரு நினைவு வராமல் இருக்காது. கம்பனின் வாலி, தன் மார்பில் தைத்த அம்பைப் பற்றி, அதில் பொறித்திருந்த பெயரைப் படிக்கிறான். படித்தபின் எய்தவனை நேரில் நிறுத்தி வினவுகிறான். ஏன் மறைந்து எய்தாய் என்ற வினாவுக்கு விடை சொல்ல இலக்குவன் முன்வரவேண்டியிருக்கிறது. அந்த விடை போதுமா போதாதா என்று பட்டிமன்றங்கள் இன்றும் வழக்காடுகின்றன. ஸ்கைரிமின் அம்பில் பெயர் இல்லை. விழுந்தவன் வினவுவதில்லை. மறைவு அங்கே அறத்தின் சிக்கலாக அன்றி, பெருக்கற் காரணியாக மட்டுமே இருக்கிறது. (ஆய்வுக் கட்டுரைகளுக்கு வரும் பெயரற்ற மதிப்பீட்டாளர் குறிப்புகளை வாங்கிப் பழகியவர்கள் இதில் எந்தப் புதுமையையும் காணமாட்டார்கள்.)

ஓரிடத்தில் மட்டும் ஆட்டம் அந்த வினாவை நெருங்குகிறது. ‘டார்க் பிரதர்ஹுட்’ என்ற கொலைஞர் குழுவின் கதையில், ஆட்டக்காரர் கடத்தப்பட்டு ஒரு குடிலில் கண்விழிக்கிறார். முகம் மூடப்பட்ட மூவர் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரைக் கொல்லச் சொல்லி விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் யார் என்பதை நீயே முடிவுசெய் என்கிறாள் குழுத் தலைவி. மூவரிடமும் பேசலாம், கேட்கலாம், எடைபோடலாம். எவரைக் கொன்றாலும் அவள் ஏற்றுக்கொள்கிறாள். சரியான விடை எது என்பதைச் சொல்வதே இல்லை. அவளுக்கு வேண்டியது கீழ்ப்படிதல் மட்டுமே. ஆனால் அவளையே கொல்லவும் ஆட்டம் இடம் தருகிறது. கொன்றால் அந்தக் குழுவையே ஒழிக்கும் கதைவழி திறக்கிறது. இதை அறியாமல் அந்தக் குடிலைக் கடந்தவர்கள் ஏராளம். சிறந்த கையுறை வேண்டுமென்றால் இந்தக் குழுவில் சேர்ந்துவிடு என்று எழுதும் வழிகாட்டிகள் அந்தக் கணத்தையும் சேர்த்தே உரித்துவிடுகின்றன. குறுவாளின் மறைதாக்கத்தை மீண்டும் இரட்டிப்பது அந்தக் கையுறை, முப்பது மடங்கு. எண் பெரிதுதான்.

‘அசாசின்’ என்ற சொல்லின் வரலாறும் இதே கதைதான். 1090இல் அலமூத் கோட்டையைக் கைப்பற்றிய நிஸாரி இஸ்மாயிலிகளை அவர்களுடைய பகைவர்கள் இழிவாக அழைத்த அரபுச் சொல், சிலுவைப்போர்க் காலத்தில் ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்து, போதைப்பொருளும் சொர்க்கத் தோட்டமும் கலந்த கட்டுக்கதைகளைச் சேர்த்துக்கொண்டு, இறுதியில் ஒரு சமூகத்தின் பெயர் என்பதே மறந்துபோகுமளவுக்கு மாறிவிட்டது. அக்கதைகள் எவ்வாறு உருவாயின என்பதை ஃபர்ஹாத் தஃப்தரி தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆட்டத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் இதையெல்லாம் படித்திருக்கவேண்டும் என்பதில்லை. ஆட்டங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுபவர் படித்திருக்கவேண்டும்.

இனி, புதியவர் என்ன செய்யலாம்? இனம் எதுவாயினும் குறையில்லை. கஜீத் இனத்தவருக்குப் பதுங்கல் 25இல் தொடங்குவது சிறு வசதி. ரிவர்வுட்டுக்கு அருகிலுள்ள மூன்று காவற்கற்களுள் கள்வனின் கல் பதுங்கலை 20 விழுக்காடு விரைவாக வளர்க்கும். ஆனால் வில்வித்தை அந்தக் கல்லின் கீழ் வருவதில்லை. அது வீரனின் கல்லுக்கு உரியது. வில்லாளியாகக் கிளம்பும் புதியவர் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கொல்லுலையிலும் கடைப்பேச்சிலும் திறனை விரைந்து வளர்த்து நிலையேறினால், எதிரிகளும் உடன் வலுப்பெறுவார்கள், சண்டைத்திறன் பின்தங்கியிருக்கும். ஆகவே முதல் சில குகைகளுக்குக் குறுவாள், இலேசான கவசம், பதுங்கல் இவை மட்டும் போதும். வில் தோளிலேயே இருக்கட்டும், பறக்கும் டிராகனுக்காக.

பெர்க் மரத்தின் வரிசையும் இதற்கே துணைநிற்கிறது. குறுவாளின் பதினைந்து மடங்கை அடையும் கிளை, வில்லுக்குரிய மும்மடங்குப் பெர்க்கின் வழியாகத்தான் ஏறுகிறது. அதை எடுக்காமல் மேலே செல்ல முடியாது. குறுவாளில் தொடங்கியவர் பதுங்கல் 50ஐத் தொடும்போது வில்லையும் பாதி கற்றவராக இருக்கிறார். வில்லில் தொடங்கியவர் 40லேயே வேண்டியதைப் பெற்றுவிடுவதால், அடுத்த கிளைக்கு ஏறாமலே ஆட்டத்தை முடித்துவிடுகிறார்.