ஈயம் பூசுகிறவரும் நானோ பூச்சும்

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் சின்னதாகக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதுவார். அம்மா பித்தளைத் தவலையையும் அடுக்கையும் என் தலையில் ஏற்றி அனுப்புவாள். அவர் பாத்திரத்தைக் காய வைத்து, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை ஒரு தொடு தொட்டு, பழந்துணியால் ஒரு சுழற்று சுழற்றுவார். கறுத்துக் கிடந்த உட்புறம் ஒரு நொடியில் நிலா மாதிரி வெளுத்துவிடும். எங்களுக்கு அது ஒரு மாயாஜாலம்.

அம்மா மயங்க மாட்டாள். பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள், உள்ளே விரல் விட்டுத் தடவுவாள். "ஏங்க, இது வெள்ளீயந்தானே? காரீயம் கலக்கலையே?" என்று கேட்ட பிறகுதான் முந்தானையில் முடிந்து வைத்த காசு வெளியே வரும். சில மாதங்களில் வெளுப்புத் தேய்ந்து அடியில் மஞ்சள் தெரியும். புளி பட்டால் களிம்பு ஏறும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறாமல் பரணுக்குப் போய், மறுபடி ஈயம் பூசுகிறவர் வரும்வரை காத்திருக்கும்.

அறுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் காட்சியை எனக்கு ஞாபகப்படுத்தியவர், கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர்.

நாங்கள் இருப்பது புதுச்சேரியில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடித் தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்குவது முப்பது வருஷத்து ஜி.ஐ. குழாய். வெளியூர் போய்த் திரும்பிக் குழாயைத் திறந்தால் முதல் ஒரு வாளி காப்பி நிறத்தில் வரும். இரும்பின் மேல் பூசியிருந்த துத்தநாகம் கரைந்துபோய், உள்ளே துரு கட்டி கட்டியாக ஏறிவிட்டது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பெண் குழந்தையைக் குளிப்பாட்டக்கூடக் கேன் தண்ணீர் வாங்கினாள்.

இளைஞர் மடிக்கணினியில் படம் காட்டினார். குழாயை உடைக்க வேண்டாம், சுவரைக் கொத்த வேண்டாம். உள்ளே காற்றால் உலர்த்தி, மணலை ஊதித் துருவைச் சுரண்டி, நானோ துகள் கலந்த எபாக்சிப் பூச்சை உள்ளே செலுத்தினால் போதும். ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். சங்கத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய செயலாளர் நான்.

எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. முப்பத்தைந்து வருஷ குமாஸ்தா உத்தியோகத்தில் சம்பாதித்த சொத்து அது ஒன்றுதான். எனவே நானோ பூச்சைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

விஷயம் பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். எந்தப் பூச்சு காய்ந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரும் பிராணவாயுவும் புகுந்து இரும்பைத் தொட்டுவிடும். சிலிக்கா, துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவற்றை நானோ அளவுக்குப் பொடியாக்கிக் கலந்தால் அவை அந்தத் துளைகளை அடைக்கும். கிராஃபீன் என்னும் கரித்தகடு, கூரையில் ஓடு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தண்ணீரைச் சுற்றுவழியில் அலைய விடும். துரு தாமதமாகும். நல்ல யோசனைதான்.

சில பூச்சுகளில் கிருமியைக் கொல்ல நானோ வெள்ளி சேர்க்கிறார்கள். அங்கேதான் எனக்கு இடித்தது. வெள்ளி எப்படிக் கிருமியைக் கொல்கிறது? கொஞ்சம் கொஞ்சமாக அயனியாகத் தண்ணீரில் இறங்கித்தான். அதாவது, கரைந்தால்தான் அது வேலை செய்கிறது. கரைவது ஒருநாள் தீரும். தீரும்வரை அது நம் டம்ளரில் இருக்கும். எவ்வளவு இருக்கும், எத்தனை வருஷத்துக்கு இருக்கும் என்பதுதான் கேள்வி.

இளைஞரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பூச்சில் என்னென்ன இருக்கிறது? குடிதண்ணீரில் அது எவ்வளவு இறங்குகிறது என்று எந்தப் பரிசோதனைச் சாலை பார்த்தது? எங்காவது உரிந்தால் அதை யார், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பத்து நாளில் வழுவழு தாளில் ஒரு சான்றிதழ் வந்தது. உப்புநீர்ப் புகையில் பூச்சு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்ற சோதனை அது. கப்பலுக்கும் பாலத்துக்கும் சரி. குடிக்கிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

"சார், ஆபீஸ்ல பண்ணினதையே இங்கேயும் பண்றீங்க, கொரி போட்டே ஃபைலை ஓட்டறீங்க" என்று மூன்றாவது மாடிக்காரர் கூட்டத்திலேயே சொன்னார். கீழ்வீட்டுப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அவள் கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்தாள்.

ஆனாலும் நான் விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இன்றைக்கும் காலையில் காப்பியோடு பிரெஞ்சுப் பத்திரிகை படிக்காவிட்டால் எனக்கு விடிந்த மாதிரி இருக்காது. அதில் சில வருஷங்களாக ஒரு விஷயத்தைப் பார்த்து வருகிறேன். பிரான்சின் கிராமங்களில் 1980-க்கு முன்பு புதைத்த பி.வி.சி. குழாய்கள் சிலவற்றில், தயாரிப்பின்போது தங்கிவிட்ட வினைல் குளோரைடு மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்குகிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பாவில் அதற்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம்தான். தண்ணீர் அதிகம் ஓடாமல் தேங்கும் கடைக்கோடிக் குழாய்களில் அதைவிடக் கூடுதலாக வருகிறது. குழாய் போட்டபோது அது புதுமை, துருப்பிடிக்காத அற்புதம். இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் எந்தக் குழாய், எந்த வருஷம், எந்தத் தெரு என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே பழைய காரீயக் குழாய்களின் உட்புறத்தில், பல வருஷமாகப் படிந்த மெல்லிய படலம் ஒன்று மக்களைக் காத்து வந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க வேறு ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. படலம் கரைந்தது, காரீயம் வீடுகளுக்குள் வந்தது, குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது. பிறகு குழாய்களை மாற்றப் புறப்பட்டபோது, எந்த வீட்டுக்கு என்ன குழாய் போகிறது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. பழைய அட்டைகளையும் வரைபடங்களையும் நம்ப முடியாமல் வீடு வீடாகத் தோண்டிப் பார்த்தார்கள்.

நம் நாடு மட்டும் என்ன? பி.வி.சி. குழாய் தயாரிப்பில் காரீயச் சேர்மங்களை நிறுத்துவதற்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2021-இல்தான். அதற்கு முன்பு புதைத்த குழாய்களில் எது எப்படிப்பட்டது என்று உங்கள் தெருவில் யாராவது சொல்ல முடியுமா?

இங்கே என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்தின் பின்கட்டு அறையைக் காலி செய்தார்கள். தோல் அட்டை போட்ட கனத்த ஏடுகள் இருபது, முப்பது இருக்கும். எல்லாம் பிரெஞ்சு. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் படிக்க வருமே, இதெல்லாம் என்ன?" என்றார். இரண்டைப் புரட்டினேன். தெருப் பெயர், குழாயின் விட்டம், வால்வு இருக்கும் இடம், வருஷம் எல்லாம் அழகான சாய்வெழுத்தில் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம். பசி. "பழைய குழாய்க் கணக்கு சார்" என்றேன். "வேணுமா, வேண்டாமா?" "வேண்டாம் சார்." அழிப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நான்தான். எல்லாம் எடைக்குப் போயிற்று.

சில வருஷம் கழித்து ஒரு தெருவில் பெரிய குழாய் உடைந்தது. வால்வு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடப்பாரையோடு நாலு பேர் ராத்திரி முழுக்க நாலு இடத்தில் தோண்டினார்கள். தண்ணீர் விடியும்வரை சாக்கடையில் ஓடியது. அந்தத் தெரு நான் புரட்டிய ஏட்டில் இருந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமே நான்தான்.

மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகத்தான் ஆயி மண்டபம் நிற்கிறது. அதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மண்டபத்தைக் காப்பாற்றிய நாம் கணக்கேட்டைக் காப்பாற்றவில்லை. தாகம் தீர்க்க இரண்டில் எது உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான். நானோ பூச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோட்டைத் தோண்டாமல் பழைய குழாய்க்கு ஆயுள் கொடுக்க முடிந்தால் அது பெரிய சேமிப்பு. ஆனால் குழாயின் உட்புறம் அம்மாவின் தவலை அல்ல. சாய்த்துப் பார்க்க முடியாது, விரல் விட முடியாது, அடியில் மஞ்சள் தெரியாது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கண்ணுக்குப் பதிலாக இருப்பது காகிதம் ஒன்றுதான். என்ன பூசினார்கள், என்றைக்குப் பூசினார்கள், யார் சோதித்தார்கள், அடுத்த சோதனை எப்போது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் அலுவலக பீரோவில் பூட்டி வைக்காமல், தண்ணீர் குடிக்கிறவன் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கொடுக்க முடியாதவர் பூச்சையும் கொடுக்க வேண்டாம். ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொன்ன இளைஞர், ஐம்பது வருஷம் கழித்து அதே கம்பெனியில் இருக்கப் போவதில்லை. கீழ்வீட்டுக் குழந்தை ஒருவேளை இதே வீட்டில் இருக்கும்.

எங்கள் குடியிருப்பில் கடைசியில் என்ன ஆயிற்று? சமையலறைகளுக்கு மட்டும் வெளிச்சுவர் வழியாகப் புதிதாக சி.பி.வி.சி. குழாய் இறக்கினோம். குளியலறைக்குப் பழைய குழாயே இருக்கிறது. "அதுவும் பிளாஸ்டிக்தானே சார்?" என்று மூன்றாவது மாடிக்காரர் மடக்கினார். நியாயமான கேள்வி. குடிதண்ணீருக்கு என்றே இந்தியத் தர நிர்ணயம் உள்ள குழாய் அது, அந்த எண்ணும் குழாயின் மேலேயே அச்சாகியிருக்கிறது என்று ஏணி வைத்துக் காட்டினேன். சுவரின் அழகைக் கெடுத்துவிட்டேன் என்று அவர் இன்னும் முணுமுணுக்கிறார். கீழ்வீட்டுப் பெண் இப்போது சமையலறைக் குழாயில் பிடித்துத்தான் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள்.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு தாளை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறேன். எந்தக் குழாய், எந்த வருஷம், எந்த வால்வு எதை மூடும் என்று தமிழில் என் கைப்பட எழுதியது. எடைக்குப் போட்ட ஏடுகளுக்கு அது ஈடாகாது. ஆனாலும் நான் போன பிறகு ராத்திரி ஏதாவது உடைந்தால், யாரும் கடப்பாரையோடு தேட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு மோட்டார் அறையிலும் இந்த வாரம் அப்படி ஒரு தாளை மாட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே!