அட்டை அசல்தான்... உத்தரவும் அசலா?

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் பணியாற்றும் அரசு ஊழியர் ஒருவரின் செல்போன் ஒலித்தது. மறுமுனையில் பேசியவர் அமலாக்கத்துறை அதிகாரி. அந்த ஊழியர் மீது ஏற்கெனவே பதிவாகி, முடித்து வைக்கப்பட்ட பழைய லஞ்ச ஒழிப்பு வழக்கு ஒன்றைக் குறிப்பிட்டார். 'அதை விசாரிக்கச் சொல்லி பிரதமர் அலுவலகத்திலிருந்தே உத்தரவு வந்திருக்கிறது. நாளை மதுரை அலுவலகத்துக்கு வாருங்கள்' என்றார்.

மறுநாளே அந்த ஊழியர் மதுரைக்குப் போனார். அங்கே கேட்கப்பட்ட தொகை 3 கோடி ரூபாய். பிறகு, 'மேலதிகாரிகளிடம் பேசிவிட்டேன், 51 லட்சம் போதும்' என்று இறங்கி வந்தது. நவம்பர் 1-ம் தேதி முதல் தவணையாக 20 லட்சம் கைமாறியது. அதன் பிறகும் வாட்ஸ்அப் அழைப்புகள், மெசேஜ்கள், மிரட்டல்கள் தொடர்ந்தன. சந்தேகம் வந்து, நவம்பர் 30-ம் தேதி திண்டுக்கல் லஞ்ச ஒழிப்புத்துறையில் அவர் புகார் கொடுத்தார். மறுநாள் டிசம்பர் 1-ம் தேதி, அடுத்த 20 லட்சத்தை வாங்கியதாக அமலாக்கத்துறை அதிகாரி அங்கித் திவாரி கைது செய்யப்பட்டார். மதுரையில் உள்ள அமலாக்கத்துறை அலுவலகத்திலேயே சோதனை நடந்தது.

இவை லஞ்ச ஒழிப்புத்துறை அப்போது வெளியிட்ட தகவல்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திவாரிக்கு இடைக்கால ஜாமீன் வழங்கியது. குற்றம் உண்மையா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம்தான். ஆனால், மனித மனதைப் பற்றி இந்தச் சம்பவம் எழுப்பும் கேள்வி வேறு.

படித்தவர். அரசு வேலையில் இருப்பவர். அலுவலக நடைமுறை, ஃபைல், நோட்டீஸ் எல்லாம் தெரிந்தவர். முடிந்துபோன வழக்குக்கு ஏன் பணம் கேட்கிறார்கள் என்ற கேள்வி, 20 லட்சம் கொடுக்கும் முன்பே அவரை ஏன் தடுக்கவில்லை?

சாம்பல் நிற கோட்டு செய்த வேலை

இதே கேள்வியை 60 ஆண்டுகளுக்கு முன்பு வேறு விதமாகக் கேட்டவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனை உலகப் புகழ் பெற்றது.

பேப்பர் விளம்பரம் பார்த்து வந்த சாதாரண ஆட்கள்தான் அதில் கலந்துகொண்டார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தவறான பதில் சொன்னால் மின்சார ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 சுவிட்சுகள். ஒவ்வொரு தவறுக்கும் அடுத்த சுவிட்சு. உண்மையில் ஷாக் எதுவும் இல்லை, பக்கத்து அறையில் இருந்தவர் நடித்தார். சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தயங்கியபோதெல்லாம், சாம்பல் நிற கோட்டு அணிந்த ஒருவர் அருகிலிருந்து 'தொடருங்கள்' என்று அமைதியாகச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆயிரத்தில் ஒருவர்கூடக் கடைசி சுவிட்சு வரை போவது சந்தேகம் என்றுதான் மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் போனார்கள். அதுவும் சந்தோஷமாக அல்ல. வியர்த்துக்கொட்டியது, கை நடுங்கியது, சிலருக்குப் பதற்றத்தில் சிரிப்பு வந்தது. ஆனாலும் தட்டினார்கள். கலந்துகொண்டவர்களில் சிலர் இது நாடகம் என்று சந்தேகித்திருக்கலாம் என்று பின்னாளில் விமர்சனங்கள் வந்தன. ஆனால், ஜெர்ரி பர்கர் என்ற உளவியலாளர் பாதுகாப்பான எல்லைக்குள் அதே சோதனையைத் திரும்பச் செய்து 2009-ல் வெளியிட்டபோதும், முடிவு பெரிதாக மாறிவிடவில்லை.

மில்கிராமின் ஆட்கள் உத்தரவுக்காக இன்னொருவருக்கு வலி கொடுத்தார்கள். திண்டுக்கல் ஊழியர் தன் பணத்தையே இழந்தார். அங்கே மிரட்டல் இல்லை, இங்கே இருந்தது. ஆனாலும், மனம் வழுக்கிப்போகும் பாதை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வழுக்கும் படிகள்

முதலாவது, பெயரின் கனம். யேல் என்ற பெயர் இல்லாமல், ஊரில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் சோதனையை நடத்தியபோது, கடைசி வரை போனவர்கள் 65 சதவிகிதத்திலிருந்து 48 சதவிகிதம் அளவுக்குக் குறைந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வந்த போனில் அமலாக்கத்துறை, பிரதமர் அலுவலகம் என இரண்டு பெயர்கள். அந்தக் கனத்தின் கீழே சின்னக் கேள்விகள் எழும்புவது கஷ்டம்.

இரண்டாவது, சின்னச் சின்ன படி. முதலிலேயே 450 வோல்ட் கொடுக்கச் சொல்லியிருந்தால் பலர் எழுந்து போயிருப்பார்கள். 15, 30, 45 என்று ஏறும்போது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றே தெரிவதில்லை. முதலில் ஒரு போன், அடுத்து ஒரு பயணம், பிறகு 3 கோடி, அப்புறம் 51 லட்சம், அதில் ஒரு தவணை. 3 கோடியைக் கேட்ட காதுக்கு 51 லட்சம் சலுகையாகக்கூடத் தோன்றியிருக்கலாம்.

மூன்றாவது, தனிமை. மில்கிராமின் இன்னொரு சோதனையில், கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நடுவிலேயே 'எங்களால் முடியாது' என்று எழுந்துகொண்டார்கள். அவர்களும் நடிகர்கள்தான். ஆனால், அதைப் பார்த்த பிறகு கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. கீழ்ப்படியும் பழக்கத்தை உடைக்கப் பெரிய வீரம் தேவைப்படவில்லை. மறுத்துப் பேசும் இன்னொரு குரல் போதுமானதாக இருந்தது.

மிரட்டுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 'யாரிடமும் சொல்லாதே' என்பது எல்லா மிரட்டல்களிலும் வந்துவிடுகிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் போலி சீருடையோடு வருகிறவர்கள், போனைத் துண்டிக்கவும் விடுவதில்லை. குடும்பத்தாரிடம் பேசவும் விடுவதில்லை.

திண்டுக்கல் சம்பவம் அதைவிடச் சிக்கலானது. இங்கே பேசியவர் போலி அதிகாரி அல்ல, பதவியில் இருந்தவர். அவருடைய அடையாள அட்டையைச் சரிபார்த்திருந்தாலும் அசல் என்றுதான் வந்திருக்கும். சரிபார்க்க வேண்டியது ஆளை மட்டுமல்ல, உத்தரவையும்தான். எந்த அசல் அதிகாரிக்கும் பணம் கேட்க அதிகாரம் கிடையாது.

என்ன செய்யலாம்?

எழுத்தில் கேளுங்கள். ஒரு வழக்கில் சாட்சியாக விசாரிக்க போலீஸ் அழைப்பதானால், எழுத்துபூர்வமான உத்தரவு வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு. அப்படி விசாரிக்கும்போது பெண்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரச் சொல்ல முடியாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்று சட்டத்திலேயே இல்லை.

நேரம் கேளுங்கள். 'வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்ற ஒரு வரி, அடுத்த சுவிட்சைத் தட்டாமல் கையை நிறுத்திவிடும். நியாயமான அதிகாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள். மனைவியோ, அண்ணனோ, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரோ, யாராக இருந்தாலும் சரி. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். லஞ்சம் கேட்டால், மாவட்டத்திலேயே லஞ்ச ஒழிப்புத்துறை அலுவலகம் இருக்கிறது. அந்த அரசு ஊழியரும் முதல் தவணையைக் கொடுத்த பிறகுதான் புகார் கொடுத்தார். கொடுத்துவிட்டோமே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த தவணையும் போயிருக்கும். தாமதமாகச் சொல்வதும் சொல்வதுதான்.

இந்தப் பழக்கம் வீட்டில்தான் தொடங்க வேண்டும். 'பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாம கேட்டுக்கணும்' என்றுதான் பல வீடுகளில் பிள்ளைகள் வளர்கிறார்கள். மரியாதை சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். கூடவே, 'ஏன் என்று கேட்கலாம், யாராவது ரகசியம் என்று சொல்லி எதையாவது செய்யச் சொன்னால் வீட்டில் வந்து சொல்' என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், நாளை வகுப்பறையிலோ, டியூஷனிலோ, வேலை இடத்திலோ அதுவே அவர்களைக் காப்பாற்றும். குழந்தைகள் தாங்களே அழைத்து உதவி கேட்க 1098 இருக்கிறது.

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால், எவ்வளவு உறுதியான பூட்டாக இருந்தாலும், அதட்டிக் கேட்டவுடன் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டால் பயனில்லை. கொடுப்பதற்கு முன், 'எதற்கு?' என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.