குழந்தைக்கு ஊர்ப்பெயர்

சங்கத்து அன்பர் ஒருவர் தம் பெண்மகவுக்குச் 'செல்சீ' எனப் பெயரிடக் கருதியிருக்கிறார். இலண்டன் மாநகரின் ஒரு பகுதியின் பெயர் அது. புதுமையாக இருக்கிறதாம், வீட்டுப் பெரியோரோ முகம் சுளிக்கின்றனராம். நம் கருத்தைக் கேட்டார்.

ஊர்ப்பெயரைப் பிள்ளைக்கு இடுதல் நமக்குப் புதிதன்று. பழனி, சிதம்பரம், காசி என்று சங்கக் கூட்டத்தில் குரல் கொடுத்தால் நால்வராவது திரும்பிப் பார்ப்பர். நாம் எடுப்பவை திருத்தலங்களின் பெயர்கள். ஆங்கிலேயர் வழக்கு வேறு. ஷெர்லி என்பது அந்நாட்டில் சில ஊர்களின் பெயர். 'ஒளி நிறைந்த காட்டுவெளி' என்று பொருள். ஊர்ப்பெயர் குடிப்பெயராகி, அரிதாக ஆண்களுக்கு வழங்கியது. 1849-இல் சார்லட் பிராண்டி அம்மையார் தம் புதினத்தின் நாயகிக்குச் சூட்டிய பின்னரே பெண்பெயராய்ப் பரவிற்று.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர் செய்தது இன்னும் சுவையானது. எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் 1865 டிசம்பர் 30-இல் பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில் பிறந்தார். தந்தையார் அங்கே கலைப்பள்ளி ஆசிரியர். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயர்ப் பகுதியில் ருட்யார்டு என்றோர் ஏரி உண்டு. கால்வாய்க்கு நீர் தருவதற்காகக் கட்டியது. (அக்கரையோரப் பழைய இருப்புப்பாதைத் தடத்தில் இன்று சிறு நீராவி ரயில் ஓடுகிறது, இதைச் சொல்லாமற்போனால் நம் உத்தியோகத்துக்கு அழகன்று!) பெற்றோர் இருவரும் பழகி மனமொத்தது அந்த ஏரிக்கரையில்தான். பம்பாயில் பிறந்த தலைமகனுக்கு அப்பெயரை வைத்தனர். ஜோசப் என்ற முதற்பெயரும் அவருக்கு உண்டு. உலகம் அறிந்ததோ ஏரியின் பெயரையே.

நம் பிள்ளைகளோ கேளாமலே ஊர்ப்பெயர் பெறுகின்றனர். பள்ளிப் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது. தலைப்பெழுத்தை விரித்து ஊரை எழுதிவிடுகிறோம். ஆசிரியை 'மன்னார்குடி' என்றழைக்க, மன்னார்குடியைக் கண்டேயிராத சிறுவன் எழுந்து நிற்கிறான். அவனுக்காவது, அது தாத்தா பிறந்த ஊர் என்று சொல்ல வாயுண்டு.

செல்சீயில் உங்களவர் யாரேனும் வாழ்ந்ததுண்டா என்று அன்பரைக் கேட்டோம். இல்லையாம், ஒலி இனிமையாம். இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயரின் காரணத்தை மகள் ஒருநாள் கேட்பாளே! அவள் பாட்டியார் பிறந்தது தாமிரபரணிக் கரையில். பொருநை என்ற பெயரில் என்ன குறை?

அவசரமும் இல்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். குழந்தைக்கு இப்போதுதான் இரண்டு மாதம்.