விலை இறங்கும், செலவு இறங்காது

தில்லிக் கிளையொன்றில் நாங்கள் பணிபுரிந்த நாள்களில், வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளின் கல்லூரிப் படிப்புக்கென வைத்திருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடிக்க வந்தார். காரணம் கேட்டோம். ஏழு ஆண்டுகள் ஓடிய சொகுசு டீசல் கிராஸ்ஓவர் ஒன்றை அவர் முந்தைய ஆண்டு வாங்கியிருந்தார். அதன் கியர்பாக்ஸ் பழுதாகி, வண்டி பணிமனையில் நின்றது. “பாதி விலைக்கும் குறைவாகத்தான் சார் வாங்கினேன். பழுதுக்கு மட்டும் முழு விலை கேட்கிறார்கள்” என்றார்.

அவர் சொன்னது சரியே. ஆனால் வாங்குவதற்கு முன் அதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. அந்தக் காருக்கு மூன்றாண்டுக் கடன் வழங்கிய நாங்களும் சொல்லவில்லை. அவருடைய வருமானத்தைப் பார்த்தோம். வண்டியின் மதிப்பீட்டைப் பார்த்தோம். மாதத்தவணை கட்ட இயலுமா என்று பார்த்தோம். வண்டியை வைத்துக்கொள்ள இயலுமா என்று பார்க்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் எண்ணத்திலேயே இதை எழுதுகிறோம்.

எஸ்.யூ.வி.யின் உயரமும் உள்ளே காரின் சொகுசும் கொண்ட கிராஸ்ஓவர் வண்டிகள் இன்று பலருடைய விருப்பம். ஐம்பது லட்ச ரூபாய் வண்டி ஐந்தாறு ஆண்டுகளில் இருபது லட்சத்துக்குக் கிடைக்கும்போது, ஒரு புதிய நடுத்தரக் காரின் விலையில் பெரிய பெயர் கொண்ட கார் வீட்டுக்கு வருகிறது. ஆயினும் சந்தையில் குறைவது வண்டியின் விலை மட்டுமே. அதன் உதிரிபாகங்களும் பணிமனைக் கூலியும் அது ஐம்பது லட்ச ரூபாய் வண்டி என்பதை ஒருநாளும் மறப்பதில்லை.

இவ்வகை வண்டிகளில் அடிக்கடி எழும் பழுதுகள் சிலவற்றைக் காண்போம். ஏர் சஸ்பென்ஷன் உள்ளவற்றில், காற்றைத் தாங்கும் ரப்பர் பைகள் வயதாலும் வெயிலாலும் வெடிக்கின்றன. கசிவை ஈடுகட்ட கம்பிரசர் ஓயாது இயங்கி, இறுதியில் தானும் பழுதாகிறது. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்கள் நகர நெரிசலில் நின்று நின்று ஊர்ந்து சூடேறித் தேய்கின்றன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கேற்ற டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் கூரையின் நீர் வடிகுழாயில் தூசி அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கி மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும்.

குறிப்பிட்ட மாடல்களுக்கே உரிய குறைகளும் உண்டு. பி.எம்.டபிள்யூவின் முதல் தலைமுறை எக்ஸ்1 டீசல் வண்டிகளில் அமைந்த என்47 இன்ஜினின் டைமிங் செயின் தேய்மானம் பரவலாக அறியப்பட்டது. அந்தச் சங்கிலி இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கமாக இருப்பதால், அதை மாற்றப் பெரும்பாலும் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கவேண்டும். சங்கிலியின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலியே வாங்கியவரை வருத்துகிறது. இதனால் அந்த வண்டி வாங்கத்தகாதது என்று கூறமாட்டோம். சங்கிலி மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்குவது தகாது என்றே கூறுகிறோம்.

“காப்பீடு இருக்கிறதே” என்று சிலர் நினைப்பதுண்டு. மோட்டார் காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும் உரியது. தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் உரியதன்று. விபத்திலும் சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியே கிடைக்கும். முழு விலை தரும் கூடுதல் பாதுகாப்பு வயதான வண்டிகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். மதிப்பு தாழ்ந்து பாகங்களின் விலை தாழாத சொகுசு வண்டி அந்த எல்லையை விரைவில் எட்டிவிடும். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியவருக்கு, வரும் இழப்பீடு கடன் நிலுவைக்கே போதாமல் போகலாம்.

கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்போம். 20 லட்ச ரூபாய் வண்டிக்கு 15 லட்சம் கடன், ஆண்டு வட்டி 11 சதவீதம், ஐந்து ஆண்டுகள் என்று கொண்டால், மாதத்தவணை ஏறத்தாழ ரூ.32,600. வட்டி மட்டுமே நான்கரை லட்சத்துக்கு மேல். வாங்குவோர் பெரும்பாலும் இத்துடன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வண்டியின் புதிய விலையில் ஆண்டுக்கு 4 சதவீதத்தையாவது பராமரிப்புக்கென ஒதுக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. ஐம்பது லட்சத்தில் அது ஆண்டுக்கு 2 லட்சம். மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.16,700. எரிபொருளும் காப்பீடும் சேர்வதற்கு முன்பே மாதச்சுமை ரூ.49,000-ஐத் தாண்டுகிறது. இந்தத் தொகை உங்கள் சேமிப்பைத் தொடாமல் வருமா என்பதே கேள்வி. வருமெனில் தயங்காமல் வாங்குங்கள். நல்ல வண்டியை ஓட்டும் மகிழ்ச்சி குற்றமன்று.

விலை வழக்கத்தைவிட மலிவாக இருந்தால் அதன் காரணத்தையும் கேளுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடத் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிந்தைய ஆணைகளால் அதன் நடைமுறை மாறி வந்திருக்கிறது. எனவே வாங்கும் நாளில் உள்ள நிலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கிருந்து வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுசெல்வதாயின் தடையின்மைச் சான்றும் அந்த மாநிலத்தின் சாலை வரியும் தேவை. மலிவு விலையோடு அந்த வரியையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் நான்கு காரியங்களைச் செய்யுங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத பணிமனையில் வண்டியை ஏற்றிப் பார்த்து, கணினிச் சோதனையும் செய்யுங்கள். முழுப் பராமரிப்புப் பதிவைக் கேளுங்கள். ஆர்.சி.யில் முந்தைய கடனின் அடமானப் பதிவு நீக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அடுத்த ஓராண்டில் மாற்றவேண்டியவை எவை, என்ன விலை என்று எழுத்தில் பெறுங்கள். வாங்கியபின், 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் 30 நாள்களுக்குள் உரிமையையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவர் சேர்த்துவைத்த கோரிக்கையின்மைச் சலுகை அவருடனேயே போய்விடும். அதை நம்பிப் பிரீமியத்தைக் கணக்கிடாதீர்கள்.

கடன் வழங்குவது எங்கள் தொழில். அதைப் பெறுமுன் தயங்குங்கள் என்று நாங்களே சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். தவணை தவறாமல் வந்துவிட்டால் கடன் நல்ல கடன் என்று எங்கள் பதிவேடு சொல்லும். அந்தத் தவணைக்காக ஒரு குடும்பம் எதை இழந்தது என்று பதிவேடு சொல்லாது.

அந்த வாடிக்கையாளர் கியர்பாக்ஸைச் சரிசெய்து, சில மாதங்களில் வண்டியை விற்றுக் கடனை அடைத்தார். ஒரு தவணையும் தவறவில்லை. மறு ஆண்டு மகளுடன் வந்து, கல்விக்கடன் விண்ணப்பத்தோடு அதே நாற்காலியில் அமர்ந்தார். அக்கடனையும் வழங்கினோம். அன்று முதல், பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் வண்டியின் இன்றைய விலையோடு, அது புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதையும் கேட்டுவருகிறோம்.