தாத்தாவோட ஹெரால்டும் ஜீரோத் ரிவியூவும்

ஜீரோத் ரிவியூவுல எங்க பேட்ச் பிபிடி முடிஞ்சதும் வந்த முதல் கேள்வி, "இதுல நாவல்டி எங்கப்பா இருக்கு?" ரெண்டாவது கேள்வி, "பழைய காரை ஓட வைக்கிறது மெக்கானிக் வேலைதானே?" மூணாவது கேள்வி வரல. அடுத்த வாரம் வேற டைட்டிலோட வரச் சொல்லிட்டாங்க.

அடுத்த வாரம் நாங்க கொண்டுபோனது மண் ஈரப்பதம் பார்க்கிற ஐஓடி சென்சார். உடனே ஓகே. இதே சென்சாரை எங்க சீனியர் பேட்ச் பண்ணியிருக்காங்க, அவங்களுக்கு முந்தின பேட்சும் பண்ணியிருக்காங்க. அதுல நாவல்டி எங்கன்னு யாரும் கேக்கல. பரவால்ல, மார்க் வந்துரும். இந்தக் கட்டுரை ரிஜெக்ட் ஆன அந்த முதல் டைட்டிலைப் பத்தி. பத்தாம் வகுப்புக்கு அப்புறம் நான் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிருங்க மக்களே.

எங்க ஊரு அருப்புக்கோட்டை. தாத்தா வத்தல் கமிஷன் கடை வச்சிருந்தவர். திருச்சுழி போற ரோட்டுல எங்களுக்கு ஒரு பழைய குடோன் இருக்கு. அதுக்குள்ள, சாக்குக் குவியலுக்குப் பின்னாடி, ஒரு 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிக்குது. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டம் நின்ன வண்டி. போன வருஷம் தாத்தா தவறினதும், பெரியப்பா குடோனைக் காலி பண்ணி வாடகைக்கு விடணும்னார். பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, எடைக்கு எடை, 24,000 ரூபாய்னு சொல்லிட்டுப் போனார். பெரியப்பா கையில கால்ல விழுந்து ஒரு வருஷம் தவணை வாங்கினேன்.

ஹெரால்டுன்னா என்னன்னு எனக்கே அப்போ ஒண்ணும் தெரியாது. தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சது. 1959ல இங்கிலாந்துல டிரையம்ப் கம்பெனி விட்ட வண்டி இது. வடிவமைச்சவர் மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, 1948ல ஆரம்பிச்சது. 1961லேர்ந்து அவங்க இதை நம்ம நாட்டுல விட்டாங்க. இஞ்சின் 948 சிசி. இன்னிக்கு பல பைக்குகள் அதைவிடப் பெருசு. 1968ல மார்க் த்ரீன்னு நாலு கதவு வச்சு ஒண்ணு வந்துச்சு. இங்கதான் விஷயமே. இங்கிலாந்துல கடைசி வரைக்கும் நாலு கதவு ஹெரால்டு வரவே இல்ல. குடும்பத்தோட கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போற ஆட்களுக்காக நம்ம ஊர்ல யோசிச்சுச் செஞ்சது அது. எங்க குடோன்ல நிக்கிறதும் அதுதான்.

அந்தக் கம்பெனி கதை சோகம். 1985ல ஸ்டாண்டர்ட் 2000ன்னு ஒரு பெரிய கார் விட்டாங்க. வெளியில பார்த்தா ரோவர் வண்டி, உள்ள இருந்தது காலாவதியான இஞ்சின். விலை ஜாஸ்தி, மைலேஜ் கம்மி. மாருதி வந்த நேரம் வேற. சில வருஷத்துல தயாரிப்பு நின்னு போச்சு. 2006ல மிச்சம் மீதியை ஏலம் விட்டப்போ, அந்த 2000 மாடலோட உதிரிபாகங்களை வாங்கினது யார் தெரியுமா? இங்கிலாந்துல பழைய வண்டி ஸ்பேர் விக்கிற ரிம்மர் பிரதர்ஸ். வண்டலூர்ல கிடந்த சாமான் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போச்சு. அங்க அதுக்கு ஆள் இருக்கு. இங்க நாம எடை போட்டோம்.

சரி, குடோனுக்கு வருவோம். கதவைத் திறந்ததும் முதல்ல தும்மல்தான் வரும். சீட்டுக்குள்ள, டேஷ்போர்டுக்குப் பின்னாடி, எங்க தட்டினாலும் வத்தல் தூசி. வத்தல் நெடிக்கு எலி வராதுன்னு தாத்தாவுக்கு ஒரு நம்பிக்கை. எலிக்கு அது தெரியல போல, வயரிங் மொத்தமும் காலி. ஆனா அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ சேஸிஸ்ல மேலோட்டமாதான் துரு. ஹெரால்டுல பாடி தனி, சேஸிஸ் தனி, போல்ட் போட்டு மாட்டினது. அந்த சேஸிஸ் அரிச்சுப் போனா கதை முடிஞ்சது. கடற்கரை ஊர்கள்ல இந்த வண்டிகள் செத்ததே அப்படித்தான். நம்ம ஊர்ல மழை இல்ல, மழை இல்லன்னு வருஷம் பூரா புலம்புறோமே, அந்த வறட்சிதான் இந்த இரும்பைக் காப்பாத்தி வச்சிருக்கு. சீமைக்கருவேலமும் வெடிச்ச கரிசலும் தவிர வேற எதுவும் இல்லாத காட்டுக்குள்ள ஒரு நல்லது.

ஆர்.சி. புக்கும் கிடைச்சது. அதுல மாவட்டம் ராமநாதபுரம்னு இருக்கு. விருதுநகர் மாவட்டமே 1985லதானே வந்துச்சு. எங்க மாவட்டத்தைவிட எங்க வண்டி மூத்தது.

இப்போ ஆட்கள் கதை. அருப்புக்கோட்டையில ஒரு பழைய மெக்கானிக் இருக்கார், எழுபத்தாறு வயசு, சின்ன வயசுல மதுரையில வேலை பார்த்தவர். நான் தாத்தான்னுதான் கூப்பிடுவேன். வண்டியைப் பார்த்ததும் பேனட்டை அப்படியே முன்பக்கமா கவுத்தினார் (ஹெரால்டுல மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து மொத்தமா கவிழும்). ப்ளக் நாலையும் கழட்டி உள்ள ஆயிலை ஊத்திட்டு, "பத்து நாள் கழிச்சு வா, அதுவரை ஸ்டார்ட்டர்ல கை வச்சே, கையை ஒடிச்சிருவேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டார். பத்து நாள் கழிச்சு ஸ்பேனர் போட்டு மெதுவாத் திருப்பினார், ஜாம் ஆகிக் கிடந்த இஞ்சின் சுத்துச்சு. அந்தப் பத்து நாளைக்குள்ள நான் யூட்யூப்ல நாலு வீடியோ பார்த்து நாலு விதமான அவசர வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தேன்கிறதை அவர்கிட்ட இன்னும் சொல்லல.

அவர் மூலமா மதுரையில ஹெரால்டு வச்சிருக்கிற ஒரு ரிட்டயர்ட் பேங்க் சாரைப் பிடிச்சோம். அவர் மூலமா கோயம்புத்தூர்ல ஒருத்தர். அவர் மூலமா சென்னையில ஒருத்தர், ஒர்க்‌ஷாப் மேனுவல் முழுசையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினார். என் பேர் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டார். இந்த ஆட்கள் இப்படித்தான். சாதி, சம்பளம், காலேஜ் எதையும் கேக்க மாட்டாங்க. "கேஸ்கெட் இருக்கா?"ன்னுதான் முதல் கேள்வி.

இனி நான் ரிவியூவுல சொல்ல முடியாமப் போனதைச் சொல்றேன். ஹெரால்டு முன்சக்கரத்துல ட்ரன்னியன்னு ஒரு பித்தளை நிறப் பாகம் உண்டு, அசல்ல அது வெண்கலம். சக்கரத்தைத் தாங்குற செங்குத்து இரும்புத் தண்டோட கீழ்முனையில மரை வெட்டியிருக்கும், அது ட்ரன்னியனுக்குள்ள திருகி நிக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் சக்கரமே திரும்புது. இந்த வண்டி ஆட்டோ மாதிரி சின்ன இடத்துல வளையும். ஆனா அந்த மரைக்கு ஊத்த வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் இல்ல. கிரீஸ் அடிச்சா அது இறுகிப்போய் மரைக்குள்ள இறங்காது, தண்ணி உள்ள போகும், இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் வளைவுல தண்டு ஒடிஞ்சு சக்கரம் மடங்கும். பார்க்கிறதுக்கு கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருக்கிறதால காலங்காலமா கிரீஸ்தான் அடிச்சிருக்காங்க. எங்க வண்டியிலயும் அதேதான். மரை ரெண்டு பக்கமும் போயிருந்துச்சு.

எனக்கு உற்சாகம். மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் ஆச்சே. அளவெடுத்து, சாலிட்ஒர்க்ஸ்ல வரைஞ்சு, ப்ரிண்ட் போட்டு லேத் பட்டறை அண்ணாச்சிகிட்ட கொண்டுபோனேன். அவர் எட்டாவது வரைக்கும் படிச்சவர். விசைத்தறிக்கு உதிரிபாகம் கடைஞ்சு கொடுக்கிறதுதான் தொழில். ட்ராயிங்கைப் பார்த்துட்டு, கழட்டின பாகங்கள் ரெண்டையும் கையில எடுத்து, நகத்தால மரையில கீறிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மரை போட்டிருக்க. ஒண்ணு இடது மரைல்லா?"

ஆமா. ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. நான் ஒண்ணை மட்டும் அளந்து இன்னொண்ணுக்கு மிரர் கூட போடாம காப்பி அடிச்சிருந்தேன். நாலு வருஷம் படிச்ச படிப்பை ஒரு நகம் பிடிச்சிருச்சு.

"செஞ்சு தர்றீங்களா அண்ணாச்சி?"

"தரலாம். கன்மெட்டல்ல ஒரு நாள்ல கடைஞ்சிருவேன். ஆனா இந்த வண்டியில உங்க அம்மாவ உக்கார வச்சு நீ ஓட்டுவியா? உலோகம் என்ன கலப்புன்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. இத விலைக்கு வாங்கு. வாட்டர் பம்பு சாப்ட்டு கொண்டா, அத நான் பாத்துக்கிடுதேன்."

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் இதே முன்பக்க அமைப்புல வந்ததால, இங்கிலாந்துல ட்ரன்னியன் இன்னும் புதுசாத் தயாராகுது. கோயம்புத்தூர்க்காரர் தன் வண்டிக்கு வாங்கி வச்சிருந்த ஜோடியை பார்சல்ல போட்டுவிட்டார். காசு எப்போ வேணா கொடுன்னுட்டார். பம்பு ஷாஃப்ட்டை அண்ணாச்சி கடைஞ்சார், அது சொட்டு ஒழுகாம ஓடுது. எதை உள்ளூர்ல கடையலாம், எதைக் கடையவே கூடாதுங்கிற அந்தத் தீர்ப்பு இருக்கே, அதை எங்க டிசைன் சிலபஸ்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு ஒரு எண்ணா படிச்சேன். அண்ணாச்சி அதை அம்மான்னு சொன்னார்.

இப்போ என் வாதம். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. முதல்ல பதிவாகி 50 வருஷம் தாண்டின, சேஸிஸ், பாடி, இஞ்சின் பெருசா மாத்தாத சொந்த உபயோக வண்டி எல்லாம் விண்டேஜ். புதுசாப் பதிவு பண்ண 20,000 ரூபாய், 'விஏ' சீரிஸ்ல நம்பர், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா தினமும் ஓட்டக் கூடாது. எதுக்கெல்லாம் ரோட்டுல எடுக்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு. கூடவே ஒண்ணு, தொழில்நுட்ப ஆராய்ச்சி.

திரும்பப் படிங்க. பழைய காரை ஓட்டுறதை தொழில்நுட்ப ஆராய்ச்சின்னு சட்டமே ஒத்துக்குது. இஞ்சினியரிங் காலேஜ் ரிவியூ பேனல் ஒத்துக்கல.

இது பணக்காரங்க பொழுதுபோக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பாதி உண்மை. பளபளன்னு ராலியில வர்ற ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணும். இதுவரை எங்க வண்டிக்கு ஆன செலவு 58,000. அதுல பாதி அம்மா சீட்டுப் பணம். ஆனா மெக்கானிக் தாத்தா வாங்கினது பஸ் காசும் டீயும். அவருக்கு ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு, இன்னொண்ணு பாக்கி. கார்புரேட்டர் ட்யூன் பண்றதை அவர் காதாலதான் பண்றார், ஸ்க்ரூ ட்ரைவரோட கைப்பிடியைக் காதுல வச்சு. நான் கேட்டா எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான். ரெண்டு மாசமாப் பழகி, இப்போதான் ஒரு சிலிண்டர் தப்பினா தெரியுது. இதை எந்த மேனுவலும் எழுதி வைக்கல. புகை கக்குற பழைய வண்டியை ஏன் காப்பாத்தணும்னு கேக்கிறவங்களுக்கும் இதுதான் பதில். எனக்கு வண்டி ஒரு சாக்கு. வண்டி இல்லன்னா அந்த மனுஷன் எதைக் காட்டி எனக்குச் சொல்லிக் கொடுப்பார்?

ஆர்வலர்கள் கூடவும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மதுரை சாருக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரிஜினலா இருக்கணும். வயரிங்ல நாங்க நாலு ஃப்யூஸ் கூடுதலாப் போட்டதுக்கு ரெண்டு நாள் பேசல. க்யூபாவுல அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்ட பிறகு, ஐம்பதுகளோட அமெரிக்கக் கார்களுக்குள்ள ரஷ்ய இஞ்சினை மாட்டி இன்னிக்கும் டாக்ஸி ஓட்டுறாங்க. நம்ம விதிப்படி அது விண்டேஜே கிடையாது. எனக்கு அந்த டாக்ஸிக்காரர்தான் பெரிய இஞ்சினியர். சார்கிட்ட இதைச் சொன்னேன். "உன் வண்டி, உன் இஷ்டம்"னார். கோவம் குறையல.

டிபார்ட்மெண்ட்கிட்ட நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்ல. ஸ்கிராப் யார்டு கட்ட வேண்டாம், மியூசியம் வேண்டாம். இன்பிளாண்ட் ட்ரெய்னிங்னு எங்கேயோ ஒரு கம்பெனியில ரெண்டு வாரம் வேடிக்கை பார்த்துட்டு சர்டிபிகேட் வாங்குறோமே, அந்த ரெண்டு வாரத்தை அண்ணாச்சி பட்டறையில செலவழிச்சா அதையும் ஏத்துக்கோங்க. லெட்டர்ஹெட் இல்லன்னு தள்ளாதீங்க. அவர்கிட்ட ரசீது புக் இருக்கு, அதுல எழுதித் தருவார்.

வண்டி போன மாசம் குடோன்லேர்ந்து ரோடு வரைக்கும் சொந்தமா வந்துச்சு. இருநூறு மீட்டர் இருக்கும். பிரேக் இன்னும் சரியில்ல, அதனால முன்னாடி ரெண்டு பசங்க ஓடினாங்க. பெரியப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா இரும்புக்காரர் நம்பரை போன்லேர்ந்து அழிச்சதை அண்ணன் பார்த்திருக்கான். வர்ற ஞாயித்துக்கிழமை ரேடியேட்டரைக் கழட்டுறோம். மதுரை சார் காலைல ஏழு மணி பஸ்ல வர்றார், ஒரிஜினல் ஹோஸ் கிளிப்பு எட்டு எடுத்துட்டு வர்றாராம். வர்றதா இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, வரும்போது ஒரு பழைய துண்டு எடுத்துட்டு வாங்க, மூக்கைக் கட்டிக்க.