டேமா? ஆனிகட்டா?



போன வருஷம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "எந்த ஊர் தம்பி?" என்றார். "ஸ்ரீவைகுண்டம் சார்" என்றேன். "உங்க ஊர்ல ஆத்துக்குக் குறுக்கே என்ன கட்டியிருக்கு? இங்கிலீஷ்ல சொல்லு." இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்து, "டேம் சார்!" என்றேன். "பிறந்ததிலிருந்து பார்க்கிற. டேமுக்கும் ஆனிகட்டுக்கும் வித்தியாசம் தெரியலையே!" என்றார் அவர். பக்கத்தில் நின்றவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், அதன்பிறகு தெரிந்த பதில்கூட என் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் நின்று யோசித்தேன். பாபநாசத்தில் இருப்பது டேம். மழைத் தண்ணீரை 143 அடி வரை தேக்கி வைத்து, வேண்டியபோது திறந்துவிடலாம். நம் ஊரில் இருப்பது ஆனிகட். ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீரை வடகாலுக்கும் தென்காலுக்கும் திருப்பிவிடும் தாழ்ந்த சுவர் அது. வெள்ளம் வந்தால் தலைக்கு மேலே வழிந்தோடிவிடும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது.

தமிழில் இரண்டையும் நாம் 'அணை' என்றே சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது வெளியூர் உறவினர் ஒருவர், "உங்க ஊர் டேமை அடைச்சுத் தண்ணிய நிறுத்த வேண்டியதுதானே?" என்று கேட்டார். ஆனிகட் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பாரா? சொல் மாறினால் அர்த்தம் மட்டுமல்ல, எதிர்பார்ப்பே மாறிவிடுகிறது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனிகட் என்பது நம்முடைய 'அணைக்கட்டு'தான்! கடன் வாங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. நம் சொல்லை வைத்தே நம்மை மடக்கினால் எப்படி?

நாம் குழம்புவது மூன்று வகையில் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, காதுக்கு ஒன்றாகக் கேட்கும் சொற்கள். பிரின்சிபல் என்பது கல்லூரி முதல்வரும்தான், தத்துவமும்தான். ஸ்பெல்லிங்கை மாற்றிப் போட்டால் ஆர்க்கிமிடீசுக்கும் ஒரு கல்லூரி முதல்வர் வந்து சேர்வார்! கடைசியில் 'ஏ, எல்' வந்தால் முதல்வர், 'எல், ஈ' வந்தால் தத்துவம். ஸ்டேஷனரியும் அப்படித்தான். கடைசி 'ஆர், ஒய்'க்கு முன்னால் 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது, 'ஈ' வந்தால் நோட்டு, பேனா, காகிதம். தமிழில் எழுதிப் பழகும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே படுவதில்லை.

இரண்டாவது, வீட்டுப் பேச்சு. 'கரண்ட் பில்' என்கிறோம். ஆனால் பில்லில் கணக்குப் போடுவது கரண்டை அல்ல, ஆற்றலை. கரண்டை அளப்பது ஆம்பியரில். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இடைவிடாமல் ஒரு மணி நேரம் மின்சாரம் இழுத்தால் ஒரு யூனிட். வீட்டில் எப்படிச் சொன்னாலும் சரி, தேர்வுத்தாளில் இரண்டையும் கலந்தால் மார்க் போச்சு!

மூன்றாவதுதான் ஆபத்தானது. தூத்துக்குடி சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் முதுகில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்று ஆரம்பித்தால் 'இல்லை' என்றுதானே அர்த்தம், அப்படியென்றால் தீப்பிடிக்காது என்று ஒருவன் நினைத்து, பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தால்? அதன் பொருள் 'எளிதில் தீப்பிடிக்கும்' என்பது! இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பாதுகாப்புத் துறையினர் பிற்பாடு 'ஃபிளேமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள்.

சரி, இதற்கு என்ன வழி? நூறு ஜோடிச் சொற்களை மனப்பாடம் செய்வதா? இல்லவே இல்லை என்பது என் கருத்து. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் இதில் தாழ்ந்துபோகத் தேவையே இல்லை. நிறை வேறு, எடை வேறு. வேகம் வேறு, திசைவேகம் வேறு. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பள்ளிக்கூடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டோம். ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு, ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு தாங்கும் விசை. ஸ்ட்ரெயின் என்றால் திரிபு, நீண்டதற்கும் பழைய நீளத்துக்கும் உள்ள விகிதம், அதற்கு அலகே கிடையாது. பொருள் நம் கையில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைத்தான் ஒட்ட வேண்டும். நாமோ பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். அதனால்தான் மாறிப் போகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம் மாணவர் மன்றத்துக்கு: அறிவிப்புப் பலகையில் வாரம் ஒரு ஜோடிச் சொல்லைத் தமிழ் விளக்கத்தோடும் படத்தோடும் எழுதிப் போடுங்கள். ஒவ்வொரு துறையும் முறை வைத்து எழுதட்டும். மற்றொன்று, ஆசிரியப் பெருமக்களுக்கு: வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவன் தடுமாறினால், "தமிழ்ல சொல்லுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொருள் தெரியாதவன் யார், சொல் மட்டும் தெரியாதவன் யார் என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே மார்க் போடுவது நியாயம்தானா?

கடைசியாக, பக்கத்தில் நின்று சிரிக்கும் நண்பனுக்கும் ஒரு வார்த்தை. சிரிக்காதேடே! அடுத்த நம்பர் உன்னுடையது!

– சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன்