சைக்கிளுக்குள்ளும் மழை!

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுப்பது ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பல பள்ளிகளில் அதை நிறுத்த ஒரு கூரை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க வெட்டவெளியில் நனைகிறது.

வெளியே துடைத்தால் மட்டும் போதாது. சீட் கம்பி இறங்குகிற இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் குழாய்க்குள் போய், பெடல் அச்சு இருக்கிற கூட்டில் தங்கிவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே இரும்பை அரித்துக் கொண்டிருக்கும். என் மகள் சைக்கிளை ஆட்டிப் பார்த்தேன், 'களக் களக்' என்றது. சீட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால், செம்மண் கலரில் அரை டம்ளர் தண்ணீர்! அச்சுக்கூட்டின் அடியில் ஓட்டை இருந்தால் சேறு அடைத்திருக்கும். ஊக்கால் குத்தி விடுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, சீட் கம்பியில் கிரீஸ் தடவி மாட்டினால் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. (கழற்றுமுன் சீட் உயரத்துக்கு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுக் கொள்ளுங்கள்.)

ஆயுத பூஜைக்குக் குடம் குடமாக ஊற்றிக் குளிப்பாட்டவும் வேண்டாம். ஈரத்துணி போதும், சைக்கிள் கோபித்துக் கொள்ளாது!

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு ஸ்பானர்தானே, அக்கா! அச்சு இறுகி சைக்கிள் மூலைக்குப் போனால், 'பொண்ணு படிச்சது போதும்' என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், சுவருக்கு பெயின்ட் அடிக்குமுன் சைக்கிளுக்கு ஒரு தகரக் கொட்டகை போடச் சொல்லி அம்மாக்கள்தான் எழுந்து கேட்க வேண்டும்.

- ஒரு வாசகி, மன்னார்குடி